முதற் கவளமும் ஒரு சிட்டிகை உப்பும்



"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பால் பற்கள் விழும் முன்பே நாம் கேட்டுப் பழகிய பழமொழி. "அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பதும் அப்படியே. இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லும் நாம், இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள ஒரு சிறு செயலை மறந்துவிடுகிறோம். உப்பைத் தொடுமுன் உணவை ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பதே அச்செயல்.

இவ்வளவு சிறிய செயலுக்கு ஒரு பாடமா என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கோடியக்கரைக்குச் சென்று வந்த பின்னரே இதில் கற்க வேண்டியது நிறைய உண்டு என்பதை உணர்ந்தோம்.

கோடியக்கரையில் கேட்ட கேள்வி

மாசி மாதத்தில் ஒரு நாள் எங்கள் வகுப்பு கோடியக்கரைக்குச் சுற்றுலா சென்றது. சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் முனை அது. அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1991-ம் ஆண்டிலிருந்து நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ளது. 1967-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டில் வெளிமான்கள் கூட்டங்கூட்டமாக மேய்வதைக் கண்டோம். பனிக்காலத்தில் வந்து தங்கும் பறவைகளில் சில இன்னும் ஊர் திரும்பாமல் சதுப்பு நிலத்தில் நின்றன.

திரும்பும் வழியில், அகஸ்தியன்பள்ளி அருகே உப்பளத்தின் ஓரம் மர நிழலில் அமர்ந்து புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். எங்கள் தோழி ஒருத்தி, பொட்டலத்தின் நூலை அவிழ்த்த கையோடு, டப்பாவில் கொண்டு வந்திருந்த உப்பை எடுத்துச் சோற்றின்மேல் தூவினாள். அளத்தில் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம் பாப்பா, சோத்த இன்னும் வாயிலயே வைக்கலையே. உப்புப் பத்தலன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பழக்கம்க்கா" என்றாள் தோழி.

"நாங்க உப்புலயே பொழைக்கிறவங்க. நாங்களே டிகிரி பாக்காம பாத்திக்குத் தண்ணி விட மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் பேருந்தில் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. வகுப்புக்குத் திரும்பியதும் அதற்கு விடை தேடினோம். தேடிக் கிடைத்ததே இந்தப் பாடம்.

உப்பு விளைவது எப்படி?

முதலில் "டிகிரி" என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் சோற்றுப்பு சுமார் 27 கிராம். ஆக, ஒரு கிலோ உப்புக் கிடைக்க ஏறத்தாழ 40 லிட்டர் கடல்நீர் வெயிலில் வற்ற வேண்டும்.

நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடுகிறது. அந்த அடர்த்தியை போமே என்ற அளவால் குறிப்பர். கண்ணாடிக் குழாய் போன்ற ஒரு கருவியை நீரில் மிதக்கவிட்டால் அது டிகிரியைக் காட்டும். கடலிலிருந்து வரும்போது நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தேக்கத்திற்கு அதை மாற்றிக்கொண்டே போவார்கள். இடையில் ஜிப்சம் எனப்படும் சுண்ணாம்புச் சத்து படிந்துவிடும். 25 டிகிரியை எட்டும்போதுதான் சோற்றுப்பு மணிமணியாகப் படியத் தொடங்கும். 29 அல்லது 30 டிகிரிக்கு வந்துவிட்டால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிடில் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும். ஈரம் இழுத்துக் கசியும்.

பாருங்கள், முந்தினாலும் கேடு, பிந்தினாலும் கேடு. ஆகவேதான் பார்க்காமல் எதையும் செய்வதில்லை. கொதிக்கும் வெயிலில், கண் கூசும் வெண்மையில், உப்புநீரில் கால் வெடிக்க நின்று அவர்கள் அளந்து செய்யும் பொருளை, நாம் நிழலில் அமர்ந்து அளவில்லாமல் அள்ளித் தூவுகிறோம். அந்த அம்மாளின் சிரிப்பில் இருந்த நியாயம் இதுவே.

வேதாரண்யம், அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் ஆகிய இடங்களில் பரந்துள்ள இந்த அளங்கள், தமிழகத்தின் உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கு அடுத்த இடத்தைப் பெறுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். உப்புத் தொழிலாளியின் அடுப்பும் அப்போது மெதுவாகத்தான் எரியும்.

உப்புக்காகச் சிறை சென்றோர்

அகஸ்தியன்பள்ளியில் நிற்கும் நினைவுத் தூணை அறியாதவர் நம் பகுதியில் இருக்க முடியாது. 1930 ஏப்ரல் 13-ம் நாள் ராஜாஜி அவர்களின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டனர். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்தனர். அங்கே அவர்களுக்குத் துணை நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30-ம் நாள் அதிகாலை, தடையை மீறி உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார்.

தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவருக்குச் சிறைத் தண்டனை என்று அன்றைய தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஆயினும் வழியோர மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு அவர்களின் பசியாற்றினர். அந்தச் சோற்றை உண்டவர்கள் உப்புக் குறைவு என்று குறை கூறியிருப்பார்களா?

வேதாரண்யம் போராட்டத்தில் சிறை சென்ற பெண்மணி ருக்மிணி லட்சுமிபதி அவர்கள். 1946-ல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்றவரும் அவரே. பெண் குழந்தைகளாகிய நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய பெயர் இது.

இன்னொரு செய்தியும் வியப்பளித்தது. உப்புக்காக தண்டிக்கு நடந்த காந்தியடிகள், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, நோயுற்ற கஸ்தூரிபா அம்மையாரை உப்பையும் பருப்பையும் விடும்படி வேண்டினார். "உங்களாலேயே முடியாதே" என்னும் பொருள்பட அம்மையார் சொல்ல, அந்தக் கணமே தாம் ஓராண்டு அவற்றை விடுவதாக உறுதி கூறினார். ஏழைக்கு உப்பு எட்டாமல் போகக் கூடாது என்று போராடியவரே தம் நாவை அடக்கவும் அறிந்திருந்தார். உப்பு எல்லோருக்கும் வேண்டும். ஆனால் உப்பு நம்மை ஆளக் கூடாது.

இலை ஓரத்து உப்பு

இனி நம் வீட்டுப் பந்திக்கு வருவோம். தலைவாழை இலையில் நுனி இடப்பக்கம் இருக்கும்படி போட்டு, மேல் ஓரத்தில் இடக்கோடியில் சிறிது உப்பு வைக்கிறார்கள். ஏன் ஓரத்தில்? சோற்றின்மேலேயே தூவிவிடலாமே?

இதில் இரண்டு மரியாதைகள் அடங்கியுள்ளன என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒன்று, உண்பவருக்குச் செய்யும் மரியாதை. ஒருவர் நாக்குப் போல் மற்றொருவர் நாக்கு இராது. வேண்டியவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மற்றொன்று, சமைத்தவருக்கு உண்பவர் செய்ய வேண்டிய மரியாதை. உப்பு ஓரத்தில் இருப்பதால், முதலில் கை போக வேண்டியது சோற்றுக்கு. சுவைத்துக் குறை இருந்தால் மட்டுமே ஓரத்திற்கு.

ஆனால் எல்லா உணவுக்கும் ஒரே விதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் நெல் சீமையில் சோற்றை உப்பிடாமலே வடிக்கிறோம். பழைய சோற்றுக்கும், நீர்மோருக்கும், கஞ்சிக்கும் உண்ணும்போதுதான் உப்புச் சேர்க்கிறோம். அது தவறன்று, அங்கே உப்பு இல்லை என்பது முன்பே தெரியும். குழம்பும் கூட்டும் பொரியலும் அப்படியல்ல. ஒருவர் அடுப்பருகே நின்று, பதம் பார்த்து, அளவாய் உப்பிட்டு இறக்கியவை அவை. அவற்றின்மேல் சுவைக்காமல் உப்புத் தூவுவது, ஒருவர் பேசத் தொடங்குமுன்பே "நீ சொல்வது தவறு" என்பது போலாகும். கேளாமல் விடை கூறுவது மடமை என்று விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும் நம்மை எச்சரிக்கிறது.

இதைப் பற்றி ஒரு கதையும் உலவுகிறது. ஒரு பெரிய முதலாளி, வேலைக்கு வந்தவரை விருந்துக்கு அழைத்தாராம். சூப்பைச் சுவைக்குமுன் உப்பைப் போட்டவருக்கு வேலை கிடையாது என்று அனுப்பிவிட்டாராம். சிலர் இதை எடிசன் என்பர், சிலர் ஃபோர்டு என்பர். ஆளுக்கு ஆள் பெயர் மாறுவதால், இது நடந்த நிகழ்ச்சி என்பதைவிடக் கட்டிய கதை என்றே கொள்ள வேண்டும். ஒரு சிட்டிகை உப்பால் ஒருவரின் வேலையைப் பறிப்பதும் சுவைக்காமல் தீர்ப்பிடுவது போன்றதே அன்றோ? எனினும், பார்த்த பின் முடிவு செய் என்னும் அதன் கருத்து நல்லதே.

உடலுக்கு எவ்வளவு போதும்?

உப்பு நம் உடலுக்கு இன்றியமையாதது. நரம்புகளின் செய்தி ஓட்டத்திற்கும், தசைகளின் இயக்கத்திற்கும், உடல்நீரின் சமநிலைக்கும் அதிலுள்ள சோடியம் தேவை. வயிற்றுப்போக்கால் துவளும் குழந்தைக்கு, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்தாகிறது. அங்கும் அளவுதான் உயிர். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

அளவுக்கு மிஞ்சிய சோடியம் உடலில் நீரைத் தேக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அதனால் இதயமும் சிறுநீரகமும் மூளையின் இரத்தக் குழாய்களும் துன்புறுகின்றன. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவே. குழந்தைகளுக்கு அதனினும் குறைவு. ஆனால் உலக மக்கள் சராசரியாக உண்பது இதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

"ஒரு சிட்டிகைதானே" என்கிறோம். ஒரு சிட்டிகை அரைக் கிராம் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரு வேளை தூவினால் ஒரு கிராம். அதுவே ஒரு நாள் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. ஓராண்டில் 365 கிராம். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பு இதில் சேரவில்லை.

இங்கிலாந்தில் 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022-ல் வெளிவந்தது. உணவின்மேல் எப்போதும் உப்புச் சேர்ப்போருக்கு, சேர்க்காதோரைவிட அகால மரணம் நேரும் வாய்ப்பு 28 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. உப்பு ஒன்றே காரணம் என்று இது மெய்ப்பித்துவிடவில்லை. உப்பை மிகுதியாகச் சேர்ப்போரின் பிற பழக்கங்களும் வேறாக இருக்கலாம். ஆயினும் எச்சரிக்கையாகக் கொள்ளத் தகுந்ததே.

கை போடுகிறதா, நாக்கு கேட்கிறதா?

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1983-ல் ஒரு சுவையான உண்மையை வெளியிட்டனர். உப்புக் குடுவையின் துளை பெரிதாக இருந்தால் மக்கள் போடும் உப்பும் கூடுகிறதாம். அப்படியானால் அளவைத் தீர்மானித்தது நாக்கா, துளையா?

அமெரிக்காவில் 1987-ல் வெளியான மற்றோர் ஆய்வில், சிலருக்குச் சமையல் உப்பைப் பாதியளவாகக் குறைத்துவிட்டு, மேசையில் உப்புக் குடுவையைத் தாராளமாக வைத்தனர். குறைத்த உப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே அவர்கள் திரும்பச் சேர்த்துக்கொண்டனர். நாம் நினைப்பதைவிடக் குறைவான உப்பே நாவுக்குப் போதும் என்பது இதனால் விளங்குகிறது. 1982-ல் வெளியான ஆய்வு ஒன்று, சில மாதங்கள் குறைந்த உப்பில் பழகியவர்களுக்கு முன்பு பிடித்த உப்புச் சுவையே மிகுதியாகத் தோன்றியது எனக் கூறுகிறது. நாக்கும் மாணவிதான், பொறுமையோடு கற்பித்தால் கற்றுக்கொள்ளும்.

"உப்பைக் குறைத்தால் அயோடின் குறையுமே" என்று தாய்மார் கேட்கக்கூடும். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1950-களில் தொடங்கிய ஆய்வின் மூலம், அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைத் தடுக்கும் என்பதை டாக்டர் இராமலிங்கசாமி முதலிய நம் நாட்டு அறிஞர்கள் காட்டினர். ஆகவே வீட்டிற்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குவோம்; அதையே குறைவாகப் பயன்படுத்துவோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

அப்பாயியின் குழம்பு

எங்களுள் ஒருத்தி வகுப்பில் சொன்னதை இங்கே எழுத அவளிடம் அனுமதி பெற்றுள்ளோம். அவள் தாத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாள்முதல், அவள் அப்பாயி புளியும் மிளகும் சிறிது கூட்டி, உப்பைக் குறைத்துக் குழம்பு வைக்கத் தொடங்கினார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் உண்டார். இவளோ, தட்டில் சோறு விழுந்ததும் ஜாடியை இழுத்து உப்பைப் போடுவாள். அதைப் பார்த்துத் தாத்தாவும் கை நீட்டுவார்.

கோடியக்கரையிலிருந்து திரும்பிய மறுநாள் அவள் முதலில் ஒரு வாய் உண்டாள்.

"அப்பாயி, குழம்பு நல்லா இருக்கு. உப்பு வேண்டாம்."

அப்பாயி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாளும் இப்படித்தான் வச்சேன், கண்ணு" என்றாராம். அன்று தாத்தாவும் ஜாடியைக் கேட்கவில்லை.

"எத்தனை நாள் நான் சுவைக்காமலே அப்பாயியின் சமையலைக் குறை சொல்லியிருக்கிறேன்!" என்று அவள் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வீட்டு அடுப்படியை நினைத்துக்கொண்டோம்.

நாம் செய்யக் கூடியவை

1. முதற் கவளத்தை உப்புச் சேர்க்காமல் உண்போம். குறை தெரிந்தால் சிறிது சேர்ப்போம். சேர்த்தபின் மீண்டும் சுவைப்போம்.

2. உப்பு ஜாடியைச் சாப்பிடும் இடத்தில் வைக்காமல் அடுப்படியிலேயே வைப்போம். எழுந்து போய் எடுக்க வேண்டுமென்றால் வேண்டாத உப்பு தானே குறையும்.

3. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்துமல்லி ஆகியவை உப்பின் குறையை ஓரளவு நிரப்பும் என்பதை அறிவோம்.

4. உப்புப் பொட்டலம் பிரித்த தேதியை அதன்மேல் எழுதி வைப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் எனில் நாளுக்கு 25 கிராம். ஒரு கிலோ 40 நாள் வர வேண்டும். 20 நாளில் தீர்ந்தால், மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் ஆனது நீங்கலாக, ஆளுக்கு 10 கிராம் வரை உண்கிறோம் என்று பொருள்.

5. வீட்டில் நோயுற்றோர் இருந்தால் மருத்துவர் சொன்ன அளவையே கடைப்பிடிப்போம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உப்பளத்தில் 25 டிகிரிக்கு முன்பும் 30 டிகிரிக்குப் பின்பும் என்ன நேரும்?

2. எந்தெந்த உணவுகளில் உண்ணும்போது உப்புச் சேர்ப்பது முறை? ஏன்?

3. உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது? கணக்கிட்டு அம்மாவிடம் காட்டுக.

4. சுவைக்காமல் உப்பிடுவது போல, அறியாமல் நாம் தீர்ப்பிடும் வேறு சந்தர்ப்பங்கள் எவை? புதிதாக வகுப்பில் சேர்ந்த மாணவியை, கடினம் என்று ஒதுக்கிய பாடத்தை, கண்டிக்கும் ஆசிரியையை நினைத்துப் பார்த்து விடை எழுதுக.

நான்காம் வினாவுக்கு எங்களில் பலருக்கு ஒரு பக்கம் போதவில்லை. மண்ணுலகுக்கு உப்பாயிருக்க அழைக்கப்பட்டவர்கள் நாம். உப்பு தன்னைக் காட்டிக்கொள்ளாமல் கரைந்து பிறவற்றுக்குச் சுவை தருகிறது. அந்த உப்பாக நாம் இருக்க வேண்டுமானால், முதலில் பிறர் தரும் சுவையை அறியப் பழக வேண்டும்.

இன்று இரவு சோற்றில் கை வைக்கும்போது, கோடியக்கரைச் சாலையில் கேட்ட அந்தக் கேள்வியை நினைத்துக்கொள்வோம். முதற் கவளத்தை உண்டபின், சமைத்தவரைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றாகச் சொல்வோம். உப்பு அதுவரை ஓரத்திலேயே காத்திருக்கட்டும்.